தப்புப் போடத் தெரிந்தவள்

அந்த இயந்திரங்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்ததே கணக்கு டீச்சர்தான் என்று பிற்பாடு ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை எடுத்துச் சொல்ல அவளுக்கு அப்போது மனமில்லை.

அவள் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காரும் பெரிய வகுப்பு. முன்வரிசையில் பின்னக் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டுவிட்டுக் கொட்டாவி விடும் பிள்ளைகள். கடைசி வரிசையில் கடன் வாங்கிக் கழிக்கவே தடுமாறும் பிள்ளைகள். நடுவில் எங்கோ ஒரு முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தினால் முன்னால் இருப்பவர்களுக்குச் சலிப்பு, பின்னால் இருப்பவர்களுக்குப் பயம். அவள் கை நீட்டாத டீச்சர். மக்கு என்ற சொல்லை வகுப்பில் உச்சரித்ததே கிடையாது. ஆனாலும் கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நிற்கும் பிள்ளையின் காது சிவப்பதைப் பார்க்கும்போதெல்லாம், நாம் அடிக்காமல் இருந்து என்ன பயன், இந்தப் பலகையே அடிக்கிறதே என்று நினைத்துக்கொள்வாள்.

அப்படி இருந்தபோதுதான் அவள் கொழுந்தனுக்கு வேலை கிடைத்தது. வேலை பார்த்த கடை மூடியதிலிருந்து அவன் அண்ணன் வீட்டு சோஃபாவில்தான் படுத்துக் கிடந்தான். நல்ல பிள்ளை. இருந்த நாள் முழுக்க அண்ணி சொல்வதற்கு முன்னால் மாவரைத்துக் கொடுத்தான், குழாய் ஒழுகினால் ரிப்பேர் செய்தான். ஆனாலும் விருந்தாளி வந்தால் போர்வையைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போய் நிற்பான். பள்ளிகளுக்குக் கணினிப் பாடம் விற்கிற ஒரு கம்பெனியில், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்ற உத்தியோகம் கிடைத்ததும் அவன் நடையே மாறிவிட்டது. ஒரு டேப்லெட்டை வீட்டுக்கு எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து விளக்கினான்.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டேப் அண்ணி. ஒவ்வொண்ணுக்கும் தனிப் பாடம். சரியாப் போட்டா உடனே ஒரு மணி அடிக்கும், ஒரு நட்சத்திரம் விழும். தப்பாப் போட்டா திட்டு கிடையாது, அடி கிடையாது. சத்தமில்லாம கொஞ்சம் லேசான கணக்கா கீழ இறக்கிக் குடுக்கும். அவ்வளவுதான்."

"இது யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பாத மனிதர்.

"பழைய ஆராய்ச்சிண்ணே. புறாவை வெச்சுப் பண்ணியிருக்காங்க. புறா ஒரு சுத்து சுத்தினா உடனே தானியம் போடுவாங்க. கொஞ்ச நாள்ல அது தானா சுத்த ஆரம்பிச்சிடும். எதைச் செஞ்சா பலன் கிடைக்குதோ அதைத்தான் உயிரு திரும்பத் திரும்பச் செய்யும். தண்டனையே வேண்டாம். புறாவுக்கே வேலை செய்யுது, பிள்ளைங்களுக்குச் செய்யாதா?"

"அந்தப் புறா படிச்சு முடிச்சு என்ன வேலைக்குப் போச்சுடா?"

மூவருமே சிரித்தார்கள். ஆனால் அவள் சிரித்துக்கொண்டே யோசித்தாள். திட்டு கிடையாது. எல்லார் முன்னாலும் நிற்கவேண்டியது கிடையாது. முன்வரிசைப் பிள்ளை முன்னால் ஓடலாம், கடைசி வரிசைப் பிள்ளை மெல்ல நடக்கலாம். இத்தனை வருஷமாக அவள் ஒற்றை ஆளாகச் செய்ய முயன்று தோற்றது இதைத்தானே. மறுநாளே தலைமை ஆசிரியையிடம் போய்ப் பேசினாள். தலைமை ஆசிரியை பள்ளியை நடத்தும் அறக்கட்டளையிடம் பேசினார். அவர்களும் ஏற்கெனவே இப்படி ஏதாவது தேடிக்கொண்டிருந்தார்களாம். கொழுந்தனுக்கு அது முதல் ஒப்பந்தம். அன்று வீட்டுக்கு வந்து அண்ணியின் காலைத் தொட்டுக் கும்பிடப் போனான். "சும்மா இருடா தம்பி" என்று அவள் விலகிக்கொண்டாள்.

பழைய நூலக அறையையும் பக்கத்து வகுப்பையும் சுவரை இடித்து ஒன்றாக்கினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பக்கமும் பிளைவுட் தடுப்பு வைத்த சின்ன மேசை. தலையில் ஹெட்போன். எதிர்ச்சுவரில் கரும்பலகையை மறைத்து ஒரு பெரிய திரை. அதில் நட்சத்திரம் அதிகம் வாங்கியவர் பெயர் மேலேயும் குறைந்தவர் பெயர் கீழேயுமாக நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பக்கச் சுவரில் மட்டும் ஒரு துண்டுக் கரும்பலகையை விட்டுவைத்தார்கள். அறிவிப்பு எழுத.

முதல் பருவத்தில் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பொய் சொல்லக் கூடாது, நடந்ததும் நல்லதுதான். கடைசி வரிசையில் குனிந்த தலை நிமிராமல் இருந்த பிள்ளைகள் இரண்டிலக்கக் கழித்தலைத் தாண்டினார்கள். எவர் கேலியும் இல்லாமல், எவர் கண்ணும் படாமல் தாண்டினார்கள். முன்வரிசைப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக் கணக்குக்குப் போய்விட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் தலைமை ஆசிரியை அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை.

டீச்சர்களுக்கும் ஒரு திரை உண்டு என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. அவள் மேசையில் இருந்த கணினியில் அவளுக்கென்று ஒரு வட்டம். வகுப்பு தடையில்லாமல் ஓடினால் பச்சை. ஒரு பிள்ளையின் பக்கத்தில் போய் ஹெட்போனைக் கழற்றிப் பேசினால் அது 'குறுக்கீடு' என்று பதிவாகும். குறுக்கீடு கூடக் கூட வட்டம் மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். யாரும் இதற்காக அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாதக் கூட்டத்தில் பச்சை வட்டம் வைத்திருக்கும் ஆசிரியருக்கு எல்லாரும் கை தட்டினார்கள், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் எங்காவது ஒரு கை உயர்ந்தால் அவள் கால்கள் தானாக அந்தப் பக்கம் போகும். பிறகு எழுந்து, வட்டத்தைப் பார்த்து, உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தாள். தானே கண்டுபிடிக்கட்டும், அதுதான் நல்லது என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொள்வாள். கொஞ்ச நாளில் கைகள் உயர்வதும் நின்றுபோனது. அந்தக் கூடத்தில் விரல் படும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அமைதியாகப் படிக்கிறார்கள் என்று நினைத்தாள். அவள் வட்டம் பச்சையாகவே இருந்தது. கூட்டத்தில் அவளுக்கும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கைதட்டல் காதில் இனித்தது.

அந்த வகுப்பில் வாயாடி என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு பெண் இருந்தாள். பஸ் டிரைவரின் மகள். தாய் இல்லாத பிள்ளை. வீட்டில் பேச ஆள் இல்லாததையெல்லாம் சேர்த்து வகுப்பில் கொட்டுவாள். பூஜ்யத்தால் ஏன் வகுக்கக் கூடாது, யார் கூடாதுன்னு சொன்னது, அவங்க செத்துப்போயிட்டாங்கன்னா இப்ப வகுக்கலாமா என்று கண்ணில் விரலை விட்டு ஆட்டுவாள். டேப் வந்த பிறகு அவளும் அடங்கிவிட்டாள். அடங்கியது மட்டுமில்லை, சுவர்த் திரையில் அவள் பெயர் மெல்ல மேலேறி, உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்கவே இல்லை.

பள்ளி வாசலில் அவள் படத்தைப் பேனராகக் கட்டினார்கள். நட்சத்திர மாணவி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அவள் அப்பா காக்கிச் சட்டையோடு வந்து பேனர் முன்னால் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். டிப்போவில் அந்தப் படத்தைப் பார்க்காத கண்டக்டரே இல்லை என்று கேள்வி.

ஒருநாள் வாயாடியின் ஹெட்போனில் கரகரவென்று சத்தம் வந்தது. புதியதை எடுத்துக்கொண்டு கணக்கு டீச்சர் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றாள். பிள்ளை கவனிக்கவில்லை. திரையில் ஒரு வகுத்தல் கணக்கு வந்தது. அவள் கணக்கைப் படிக்கக்கூட இல்லை. ஏதோ ஒரு எண்ணைத் தட்டினாள். தப்பு. அடுத்தது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டு. தப்பு. பெருக்கல் வந்தது, அதுவும் தப்பு. இப்படியே சறுக்குமரத்தில் இறங்குவது போல இறங்கி, ஏழும் ஐந்தும் எவ்வளவு என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கே வந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள். சரி, சரி, சரி. மணி விடாமல் அடித்தது. நட்சத்திரங்கள் கொட்டின.

டீச்சர் அவள் தோளைத் தொட்டாள். பிள்ளை திடுக்கிட்டு ஹெட்போனைக் கழற்றித் திரும்பி, யாரென்று பார்த்ததும் சிரித்தாள்.

"ஏம்மா, வேணும்னே தப்பாப் போடுற?"

வாயாடி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு டீச்சரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக் கீழே இழுத்தாள். காதோடு காதாகச் சொன்னாள்.

"தப்புப் போட்டாத்தான் டீச்சர் அது கீழ இறங்கும். கீழ போனா எல்லாம் ஈசி. ஈசின்னா சீக்கிரம் சீக்கிரமா ஸ்டார் வரும். ரொம்ப மேல ஏத்திடுச்சுன்னா மறுபடி நாலு தப்புப் போட்டு இறங்கிக்கணும். நானே கண்டுபிடிச்சேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அந்தக் குரலில் பழைய வாயாடி இருந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் பேசிக் கேட்டது அன்றுதான். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே நின்றது. இந்தப் பிள்ளை எத்தனை மாதமாக ஏழையும் ஐந்தையும் கூட்டிக்கொண்டிருக்கிறாள்? மேசைக்குத் திரும்பினாள். வட்டம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருந்தது.

மாலையில் கொழுந்தன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னாள். அவன் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"எல்லா ஸ்கூல்லயும் நாலு பிள்ளைங்க இப்படிக் கண்டுபிடிச்சிடும். ஆபீஸ்ல பேசிக்குவாங்க. வாங்கறவங்க பார்க்கிறது பிள்ளைங்க எவ்வளவு நேரம் உக்காந்திருக்குது, எத்தனை நட்சத்திரம்னுதான். அது இறங்கிடக் கூடாதேன்னு யாரும் அதுல கை வைக்கிறதில்ல."

"தெரிஞ்சுக்கிட்டே பேனர் கட்டினீங்களா?"

"பேனர் கட்டினது உங்க மேடம்." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒப்பந்தம் புதுப்பிக்கிறதுக்கு டிரஸ்ட்டுல இருந்து வராங்க அண்ணி. அதுவரைக்கும் பொறுத்துக்குங்க. அப்புறம் நானே எழுதிக் குடுத்து சரி பண்ண வைக்கிறேன். இப்ப எதாவது ஆச்சுன்னா முதல்ல போறது என் வேலைதான். மறுபடி உங்க சோஃபாவுக்கா வரச் சொல்றீங்க?"

அவன் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு கூடத்தில் உட்கார்ந்தால் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. வாயாடி அவளைப் பார்க்கும்போதெல்லாம் இரகசியம் பகிர்ந்துகொண்டவர்களின் சிரிப்பு ஒன்று சிரித்தாள். அதற்குப் பதிலாக இவளும் ஒரு சிரிப்பைச் சிரித்து வைத்தாள். பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வகுத்தல் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தினமும் நினைத்தாள். தினமும் ஏதோ ஒரு வேலை குறுக்கே வந்தது. உண்மையில் குறுக்கே வந்தது வேலை இல்லை, அந்த வட்டம் என்பது அவளுக்கே தெரியும்.

டிரஸ்ட்டிலிருந்து வந்தார்கள். பட்டுச்சேலையில் ஒரு அம்மாள், கூட இரண்டு ஆண்கள். கொழுந்தன் கழுத்தில் டை கட்டிக்கொண்டு, கூடத்தைச் சுற்றிக்காட்டினான். தலைமை ஆசிரியை சுவர்த் திரையைக் காட்டி, உச்சியில் இருக்கும் பெயரைச் சொல்லி, வாயாடியை முன்னால் கூப்பிட்டார். பிள்ளை ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். நெற்றியில் ஹெட்போன் அழுத்திய தடம்.

பட்டுச்சேலை அம்மாள் அவள் கன்னத்தைத் தட்டினார். "இவ்வளவு நட்சத்திரமா. எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுறியா? டேப்ல வேண்டாம், போர்டுல போடு. டீச்சர், நீங்களே ஒண்ணு குடுங்க."

கணக்கு டீச்சர் பக்கச் சுவர்ப் பலகைக்குப் போனாள். அறிவிப்பை அழித்தாள். சாக்பீஸ் கையில் இருந்தது. ஏழும் ஐந்தும் என்று எழுதியிருக்கலாம், எல்லாரும் சிரித்துக் கைதட்டி டீ குடிக்கப் போயிருப்பார்கள். அல்லது இவளுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அவள் மனதில் பிள்ளையே இல்லை. கம்பெனி இருந்தது, மேடம் இருந்தார், கொழுந்தனின் டை இருந்தது. உங்கள் நட்சத்திரம் என்னவென்று நீங்களே பாருங்கள் என்று காட்டவேண்டும் என்ற ஆத்திரம் இருந்தது. இது இவள் நல்லதுக்குத்தான் என்று ஒருமுறை சொல்லிக்கொண்டாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடவேண்டிய ஒரு வகுத்தலை எழுதினாள்.

வாயாடி பலகையைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். முகத்தில் பயம் எதுவும் இல்லை. புரிந்துகொண்டவள் போல லேசாகத் தலையாட்டிவிட்டு, சாக்பீஸை வாங்கி, யோசிக்காமல் ஒரு எண்ணை எழுதினாள். தப்பு. எழுதிவிட்டுக் காத்திருந்தாள்.

டீச்சர் அசையவில்லை. பிள்ளை இன்னொரு எண்ணை எழுதினாள். அதுவும் தப்பு. திரும்பிப் பார்த்தாள். அந்தக் கணக்கு அப்படியே இருந்தது. அதை அழித்துவிட்டு லேசாக ஒன்றை டீச்சர் எழுதுவாள் என்றுதான் அவள் காத்திருக்கிறாள் என்பது அந்த அறையில் ஒருத்திக்கு மட்டும் தெரியும். மூன்றாவதாக ஒன்றை எழுதினாள். இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை. வந்திருந்த ஆண்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெரிய சிரிப்புகூட இல்லை, மூச்சு விட்ட மாதிரி. பிள்ளையின் காது சிவந்தது.

"பதட்டப்படுறா" என்றார் தலைமை ஆசிரியை. "போம்மா, போய் உக்காரு."

பட்டுச்சேலை அம்மாள் விவரமானவர். அங்கேயே நின்று இன்னும் மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பலகையில் போடச் சொன்னார். இரண்டு பேர் சரியாகப் போட்டார்கள். மூன்றாவது பிள்ளையும் வாயாடி மாதிரியே தட்டுத் தடுமாறியது. என்ன நடக்கிறது என்று அவர் கேட்டபோது, பிள்ளைகள் தப்புப் போட்டுக் கீழே இறங்கி நட்சத்திரம் வாங்குவதைக் கணக்கு டீச்சர் சொன்னாள். அதை வாயாடியே தன்னிடம் ஒப்புக்கொண்டாள் என்பதையும் சொன்னாள். தடுப்புக்குப் பின்னால் ஹெட்போன் மாட்டாமல் உட்கார்ந்திருந்த வாயாடி முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் டிரைவர் பள்ளிக்கு வந்தார். டூட்டிக்குப் போகவேண்டிய நேரம், காக்கிச் சட்டை. பேனரை அதற்குள் கழற்றியிருந்தார்கள், கட்டியிருந்த கயிறு மட்டும் கம்பியில் தொங்கியது. தலைமை ஆசிரியையின் அறைக்குப் போகாமல் நேரே கணக்கு டீச்சரிடம் வந்தார்.

"என் பொண்ணு என்ன டீச்சர் பண்ணினா உங்களை?"

"உக்காருங்க. அவ தப்பு ஒண்ணும் பண்ணலை. அந்த மெஷின்ல ஒரு ஓட்டை. உங்க பொண்ணு புத்திசாலி, அதைக் கண்டுபிடிச்சிட்டா."

"புத்திசாலின்னு உங்களுக்குத் தெரியும். அப்ப ஏன் டீச்சர் ஊர் பார்க்க நிக்க வெச்சீங்க?" அவர் குரலை உயர்த்தவில்லை. "அவளுக்கு வகுக்கத் தெரியாதுன்னு முன்னாடியே தெரியுமில்ல உங்களுக்கு. தெரியாதுன்னா சொல்லிக் குடுக்கிறதுதானே உங்க வேலை? பசங்க எல்லாம் திருட்டு ஸ்டார்னு கூப்பிடுதாம். நேத்துல இருந்து சோறு இறங்கலை அவளுக்கு."

 பெரிய நியாயம் ஒன்றைச் செய்துவிட்டதாக இரவு முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படுத்திருந்தவள், அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். அவர் வண்டிக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

இயந்திரங்களை எடுத்துவிடுவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். கொழுந்தன் வேலை போய்விடும், வீட்டில் பூகம்பம் வெடிக்கும், அதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தயார்ப்படுத்தியிருந்தாள். இரண்டுமே நடக்கவில்லை. கொழுந்தன் டிரஸ்ட் ஆட்கள் வந்துபோன அன்று சாயந்திரமே உட்கார்ந்து, ஓட்டை எது, பிள்ளைகள் எப்படி இறங்குகிறார்கள், அதை அடைப்பது எப்படி என்று விலாவாரியாகக் கம்பெனிக்கு எழுதி அனுப்பினான். களத்தில் தானே கண்டறிந்தது என்று எழுதினான். மாதம் திரும்புவதற்குள் டேப்புக்குப் புதுத் திட்டம் வந்துவிட்டது. இனிமேல் தப்பாகப் போட்டால் இருக்கும் நட்சத்திரத்தில் ஒன்று போய்விடும். திரையில் பெயர் சிவந்து கீழே விழும். டிரஸ்ட் அம்மாளுக்குப் பரம திருப்தி. குறையைச் சொன்னவுடன் திருத்திக்கொடுத்த கம்பெனி என்று ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்.

கொழுந்தனுக்குப் பதவி உயர்வு. ஊரில் உள்ள மற்றப் பள்ளிகளுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. தனி வீடு பார்த்துக்கொண்டு போனான். போகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னான்.

"உங்களாலதான் அண்ணி. அன்னிக்கு நீங்க போர்டுல எழுதலைன்னா எனக்கு இது கிடைச்சிருக்காது. கோவமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா நல்லதுக்குத்தான் முடிஞ்சிருக்கு."

"திட்டு கிடையாது, தண்டனை கிடையாதுன்னு சொன்னியே தம்பி."

"இது தண்டனை இல்ல அண்ணி. இருக்கிறதுல கொஞ்சம் எடுத்துக்கிறாங்க, அவ்வளவுதான்."

அவள் கணவர் தம்பியை வழியனுப்பிவிட்டு வந்து, "ஒரு வார்த்தை நல்லாயிருன்னு சொல்லியிருக்கலாம் நீ" என்றார். "சொன்னேன்" என்றாள். சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

புதுத் திட்டத்தில் மற்றப் பிள்ளைகள் எப்படியோ பழகிக்கொண்டார்கள். தெரிந்ததை மட்டும் தொட்டார்கள். தெரியாததற்குத் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். வாயாடி எதையும் தொடவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பு முடியும்வரை திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அவள் பெயர் சுவரில் கீழே போய், பிறகு திரையிலேயே காணாமல் போனது. ஒன்றும் செய்யாதவர்களின் பெயரைத் திரை காட்டாது.

ஒருநாள் கணக்கு டீச்சர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டாள். ஹெட்போனைக் கழற்றினாள். வட்டம் என்ன நிறமானால் என்ன. பென்சிலும் ஒரு தாளும் எடுத்து, வகுத்தலை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். இவ்வளவு காலம் கழித்துச் சொல்கிறோமே என்ற வெட்கத்தில் வழக்கத்தைவிடப் பொறுமையாகச் சொன்னாள். பதினைந்து இருக்கு, மூணு பேருக்குப் பிரிக்கணும், ஆளுக்கு எத்தனை. பிள்ளை தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சிலைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள், எழுதவில்லை.

அடுத்த நாளும் போய் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும். வட்டம் சிவப்பாகி, தலைமை ஆசிரியை கூப்பிட்டு, "மத்த பிள்ளைங்களும் இருக்காங்க டீச்சர்" என்றார். "இருக்காங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

"ஒண்ணாவது போடும்மா. தப்பாயிருந்தாலும் பரவாயில்ல" என்றாள் ஒருநாள்.

தப்பு என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளை தலையை நிமிர்த்தினாள். கண்ணில் அழுகை இல்லை. பெரியவர்கள் பேசும் தோரணையில் நிதானமாகச் சொன்னாள்.

"உங்ககிட்ட மட்டும்தான் டீச்சர் சொன்னேன்."

பென்சிலை மேசையில் வைத்துவிட்டு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.  டீச்சர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள்.

கல்வியாண்டு முடிவதற்குள் கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு இளம்பெண்ணை நியமித்தார்கள். ஆசிரியர் பயிற்சியெல்லாம் தேவையில்லை, டேப் நின்றுபோனால் அணைத்துப் போடத் தெரிந்தால் போதும். கணக்கு டீச்சருக்கு விளையாட்டு வகுப்பும் வரவேற்பறை வேலையும் கொடுத்தார்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குவதும் அதில் ஒன்று.

டிரைவர் வந்தபோது அவள்தான் அங்கே இருந்தாள். வாயாடி உள்ளே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். டிரைவரிடம் பழைய கோபம் இல்லை. தூக்கமில்லாதவர் போல இருந்தார்.

"பேசவே மாட்டேங்கிறா டீச்சர். முன்னெல்லாம் என் வண்டில ஏறினா இறங்கற வரைக்கும் வாய் ஓயாது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால உக்காந்துக்கிட்டு, இந்த ரோடு ஏன் வளையுது, அந்த ஆள் ஏன் ஓடுறான்னு உயிரை எடுப்பா. பேசாத, வண்டி ஓட்டணும்னு அதட்டுவேன். இப்ப கேட்டாலும் பேச மாட்டேங்கிறா."

அவள் சான்றிதழை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். இந்த மெஷின் இல்லாத ஸ்கூல் எது?"

அவள் தனக்குத் தெரிந்த பள்ளி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மார்க்கெட் பக்கத்துப் பள்ளியில் போன மாதம் சுவர் இடித்தார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டி இருப்பதற்குக் கொழுந்தன் பயிற்சி கொடுத்து முடித்துவிட்டான், வீட்டுக்கு வந்தபோது சொன்னான். பெண்கள் பள்ளியில் வரப்போகிறது. அவனுக்கு நல்ல பெயர், போகிற இடமெல்லாம் வாங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் ஊருக்கு வெளியே, செங்கல் சூளைகளைத் தாண்டி ஒன்று நினைவுக்கு வந்தது. பெஞ்சும் கரும்பலகையும் மட்டும் உள்ள பள்ளி. அதன் பெயரைச் சொன்னாள்.

டிரைவர் யோசித்தார்.

"அது என் ரூட்டுல இல்லையே டீச்சர்" என்றார். "காலைல நான் டூட்டிக்குப் போயிட்டா யாரு கொண்டுபோய் விடுறது?"

"வேற பஸ் ஏதாவது..."

"ரெண்டு பஸ் மாறணும். தனியா அனுப்ப முடியாது. அதுவும் வாயைத் திறக்காத பிள்ளையை." அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "பரவாயில்ல. மார்க்கெட் பக்கத்துல இருக்கிறதுலயே போட்டுடறேன். வண்டி அந்த வழியாத்தான் போகுது."

சான்றிதழை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். மரத்தடிக்குப் போய் மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் பேசாமல் வாசலைத் தாண்டிப் போனார்கள். வரவேற்பறையில் அடுத்தவர் காத்துக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சர் அவரை உட்காரச் சொன்னாள்.